குறளை சொல்லா நோன்பு

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழி பிறந்துவிட்டால் நீலகிரியில் விடியற்காலை நீராட்டம் என்பது எளிய காரியமன்று. உதகையிலும் அதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் அந்நாள்களில் உறைபனி விழும். குன்னூர் சற்றுத் தாழ்ந்த ஊர். ஆயினும் குழாயில் வரும் நீர் கையை விறைக்கச் செய்யும். அத்தகைய குளிரில், கம்பளிச் சட்டையும் காதை மூடிய குல்லாயுமாக எட்டுப் பத்துப் பேர் ஓர் அன்பரின் திருமாளிகையில் கூடித் திருப்பாவை அநுஸந்திப்பது எங்கள் வழக்கம். மலைமேல் திவ்யதேசம் ஏதும் இல்லை. அடிவாரத்தில் காரமடை அரங்கநாதன் எழுந்தருளியிருக்கிறான் என்பதே எங்களுக்குத் துணிவு. நாளுக்கு ஒரு பாசுரம் சேவித்து, அன்றைய முறைக்காரர் அதன் பொருளைச் சிறிது விண்ணப்பிக்க வேண்டும் என்பது கோஷ்டியின் நியமம்.

அடியேனுக்குச் சில ஆண்டுகளாக வாய்த்து வருவது இரண்டாம் நாள். அடியேன் சாஸ்த்ரம் பயின்றவன் அல்லன். வணிகவியல் படித்து, வங்கியில் முப்பத்தேழு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பெரியோர்களிடம் காலக்ஷேபமாகக் கேட்டவற்றில் நினைவில் நின்றவற்றைக் கொண்டே இங்கு விண்ணப்பிக்கிறேன். பிழைகள் இருப்பின் பாகவதர்கள் பொறுத்தருள வேண்டும்.

முப்பது பாசுரங்களில் இரண்டாவது, நோன்பின் விதிமுறைகளைக் கூறுவது. உலகில் வாழப் பிறந்தவர்களை அழைத்து, இந்நோன்புக்கு நாங்கள் செய்வன இவை, தவிர்வன இவை என்று ஆண்டாள் பட்டியலிட்டருளுகிறாள். நெய்யையும் பாலையும் விடுவது, வைகறையில் நீராடுவது, கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் இல்லை என்பது. இவை யாவும் உடம்பைப் பற்றியவை. முப்பது நாள் கழிந்தால் இவற்றுள் விட்டவை யாவும் மீண்டு வரும். கூடாரை வெல்லும் கோவிந்தனைப் பாடும் நாளில் அணிகலனும் ஆடையும் பாற்சோறும் நெய்யும் திரும்ப வந்துவிடுகின்றன அன்றோ?

ஆனால் இப்பட்டியலின் நடுவே, எந்நாளும் திரும்ப வரக்கூடாத இரண்டு தவிர்ப்புகள் உள்ளன. முன்னோர் செய்யாதவற்றைச் செய்யாமை ஒன்று. பிறரைப் பற்றிய தீய குறளையைக் கொண்டு சென்று சொல்லாமை மற்றொன்று. குறளை என்பது கோள். வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், புறங்கூறாமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இனிய சொல் சொல்வது ஒரு தகுதி. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைக் குறைத்துப் பேசாதிருப்பது வேறொரு தகுதி. முகத்துக்கு எதிரே தேன்போல் பேசுகிறவர் எல்லாரும் பின்னதில் தேறிவிடுவதில்லை.

இதனை அடுத்து ஆண்டாள் வைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். தகுதியுடையார்க்கும் இரந்து வந்தார்க்கும் இயன்ற அளவும் கொடுத்தல். கோள் சொல்லும் வாய் அடங்கியதும் கொடுக்கும் கை நீளுகிறது. இந்த முறைவைப்பு தற்செயலானதன்று என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. அயலாரின் மானத்தைப் பறித்துக் கொண்டிருக்கும்போது, அவர்க்குப் பொருள் கொடுத்து என்ன பயன்?

இவ்விடத்தில் பூர்வாசார்யர்கள் வ்யாக்யானத்தில் உதாஹரிப்பது பிராட்டியை. அசோகவனத்தில் இராக்ஷஸிகள் அவளை நலிந்ததைப் பெருமாள் ஸந்நிதியில் அவள் விண்ணப்பிக்கவில்லை. அதுபோலே நாங்களும் பிறர் குற்றத்தை எடுத்துச் சொல்லோம் என்று ஆய்ச்சியர் உறுதி கொள்வதாகப் பெரியோர் காட்டுவர். இதனைச் சற்று நின்று நினைக்க வேண்டும்.

ஏகஜடை, விகடை, துர்முகி, வினதை என்று அந்த இராக்ஷஸிகளுக்கு ஸ்ரீராமாயணம் பெயர் சொல்கிறது. தின்றுவிடுவோம் என்று அச்சுறுத்தினார்கள், ஆயுதம் காட்டினார்கள், அவளுடைய நாயகனை இழித்துப் பேசினார்கள். இராவண வதம் முடிந்தபின் திருவடி வெற்றிச் செய்தியோடு வந்து நின்றபோது, இவர்களை ஒறுக்க அனுமதி வேண்டினார். அவர்கள் செய்ததை அவரே முன்பு மரத்தின்மீது மறைந்திருந்து கண்டவர். சாட்சி தேட வேண்டியதில்லை. பிராட்டி இசையவில்லை. இவர்கள் அரசனுக்கு அடங்கிய பணிப்பெண்கள், ஏவினதைச் செய்தார்கள், யான் பட்டது என் வினைப்பயன் என்றாள். புலிக்கு அஞ்சி மரமேறிய வேடனைத் தள்ளிவிட மறுத்த கரடியின் கதையை நினைவூட்டினாள். அந்த வேடன் உறங்கும் கரடியையே தள்ளிவிட்டான். கிளையைப் பற்றித் தப்பிய கரடி, அதன் பிறகும் அவனைத் தள்ளவில்லை. இறுதியில், குற்றம் செய்யாதவர் என்று ஒருவரும் இல்லை என்றாள்.

இதில் நுட்பமான ஒன்றுண்டு. இராக்ஷஸிகள் குற்றமற்றவர்கள் என்று பிராட்டி சாதிக்கவில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று அவள் கூறவில்லை. குற்றம் உண்டு, ஆனால் அது என் வாயால் தண்டனைக்கு வழியாகாது என்பதே அவள் நிலை. பராசர பட்டர் ஸ்ரீகுணரத்ன கோசத்தில் இதனை எண்ணி உருகுகிறார். சரணம் என்று வந்த விபீஷணனையும் காகத்தையும் காத்த பெருமாளைக் காட்டிலும், சரணம் என்று வாய் திறவாதவர்களையும், குற்றத்தின் ஈரம் உலராதிருக்கும்போதே காத்த பிராட்டியின் ஏற்றத்தை அவர் பேசுகிறார். அந்தக் காவல் வில்லினால் ஆனதன்று. ஒரு சொல்லைச் சொல்லாமையாலும், ஒரு சொல்லைச் சொன்னமையாலும் ஆனது.

ஸர்வஜ்ஞனான எம்பெருமானுக்கு யார் சொல்லி எது தெரிய வேண்டும் என்று கேட்கலாம். ஸஹஸ்ரநாமத்தில் அவிஜ்ஞாதா என்றொரு திருநாமம் உண்டு. அறியாதவன் என்பது மேலெழுந்த பொருள். அடியார்களின் குற்றங்களை அறியாதவன் என்று பட்டர் உரை செய்தார். அதனை அடுத்து வரும் திருநாமம் ஆயிரங் கதிருடையவன் என்பது. அளவற்ற ஞானத்தை உடையவன் என்று கருத்து. எல்லாம் அறியும் ஆயிரங் கதிர்களை உடையவனே, அடியார் குற்றம் என்ற ஒன்றில் மட்டும் கண்ணை மூடிக் கொள்கிறான். அவனே பாராதிருக்க முயல்வதை நாம் போய் எடுத்துக் காட்டினால், அவன் திருவுள்ளத்துக்கு அது உகப்பாகுமா?

இவ்வளவும் அடியேன் ஆண்டுதோறும் கோஷ்டியில் சொல்லி வந்தவை. சொல்லி வந்தவனுக்கே இப்பாசுரம் என்ன செய்தது என்பதை இவ்வாண்டு விண்ணப்பிக்கலாம் என்று துணிகிறேன்.

1989ஆம் ஆண்டு. நீலகிரியில் ஒரு தேயிலை ஊரின் வங்கிக் கிளையில் அடியேன் இளநிலை அலுவலனாக இருந்தேன். கணினி வராத காலம். எஸ்டேட்டுகளின் சம்பள நாளில் கட்டுக்கட்டாகப் பணம் வெளியே செல்லும். அத்தகைய ஒரு நாளின் மாலையில் இருப்பு ஐயாயிரம் ரூபாய் குறைந்தது. காசாளர் எம்மிலும் பதினைந்து வயது மூத்தவர், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி ஒன்றைச் சேர்ந்த படுகர், அதிர்ந்து பேசாதவர். இரவு ஒன்பது மணி வரை இருவரும் எண்ணினோம். பணம் கிட்டவில்லை.

பற்றாக்குறையை மேலிடத்துக்கு எழுதுவது அடியேனுடைய கடமை. எழுதினேன். தொகை, நாள், அன்றைய பட்டுவாடா, யார் முன்னிலையில் எண்ணப்பட்டது என்பவை வரை எழுதியதில் ஒரு குறையும் இல்லை. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவருக்குக் கடன் தொல்லை இருப்பதாகக் கேள்வி என்று ஒரு வாக்கியத்தைக் கூட்டினேன். தேநீர்க் கடையில் எவரோ சொன்னதைக் காதில் வாங்கியது தவிர அதற்கு ஆதாரம் இல்லை. கடிதத்தின் தலையில் ‘இரகசியம்’ என்று எழுதி உறையை ஒட்டினேன். அன்றிரவு அடியேனுக்கு நன்றாகவே உறக்கம் வந்தது.

பதினோராம் நாள், எஸ்டேட் ஒன்றின் கணக்கப்பிள்ளை வந்தார். ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று கூடுதலாக வந்துவிட்டது என்று மேசைமேல் வைத்தார். நூறு தாள், ஐயாயிரம் ரூபாய். அன்று மாலையே அதை வரவு வைத்துக் கணக்கை நேர் செய்தேன். பணம் கிடைத்ததை மேலிடத்துக்கும் எழுதினேன். ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதவில்லை. எழுதினால் என் அவசரம் வெளிப்படும் என்ற கூச்சம். பேரேட்டில் தவறான பற்று விழுந்தால் எதிர்ப்பதிவு ஒன்றிட்டு நேராக்கிவிடலாம். இதற்கு எதிர்ப்பதிவு இடும் அதிகாரம் என் கையில் இருந்தும் இடவில்லை.

இரண்டு மாதத்தில் அவர் சமவெளிக்கு மாற்றப்பட்டார். பணப்பொறுப்பும் நீக்கப்பட்டது. நோயுற்றிருந்த மனைவியை ஹட்டியில் விட்டு, சனிக்கிழமைதோறும் மலையேறி வந்து ஞாயிறு இரவு இறங்கிச் சென்றார். நான்கு ஆண்டுகள் அப்படி. அவரிடம் விளக்கம் கேட்டபோது அந்தக் கடிதம் அவருக்குக் காட்டப்பட்டது என்பதும், அதற்கு அவர் எழுத்தில் மறுமொழி கொடுத்தார் என்பதும் பின்னாளில் எனக்குத் தெரிய வந்தன. ஆக, எழுதியவன் யார் என்பது அவருக்குத் தெரியும். அதன் பிறகு ஓரிரு முறை கடைவீதியில் எதிர்ப்பட்டார். “நல்லா இருக்கீங்களா சார்?” என்று வழக்கம்போல் கேட்டார். அடியேன் வேகமாக நகர்ந்துவிட்டேன்.

உறைபனியைப் பற்றி இங்கே தேயிலைக்காரர்கள் ஒன்று சொல்வார்கள். இரவில் பனி விழும்போது தெரியாது. காலையில் பார்த்தாலும் தோட்டம் வெண்மையாய் அழகாகத்தான் இருக்கும். வெயில் ஏறிய பின்புதான் கொழுந்து கருகியிருப்பது தெரியும். இளஞ்செடிகளைப் புல்லும் தழையும் கொண்டு மாலையிலேயே மூடி வைத்தவன் பிழைத்தான். கருகிய பின் மூடுவதால் பயனில்லை. புறத்தே சொன்ன கடுஞ்சொல்லும் இத்தகையதே. சொன்ன இரவில் ஒன்றும் தெரிவதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் பரமபதித்தார் என்ற செய்தி வந்தது. போகாமல் இருக்கலாம் என்றே முதலில் நினைத்தேன், பிறகு சென்றேன். படுகர் பெருமக்களின் இறுதிச் சடங்கில், இறந்தவரைச் சூழ்ந்து உற்றாரும் ஊராரும் நிற்க, முதியவர் ஒருவர் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவை நீங்க வேண்டும் என்று வேண்டுவார். கூடியிருப்போர் உடன் குரல் கொடுப்பர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலிலும் இச்சடங்கு விரிவாகப் பதிவாகியுள்ளது. பாவங்களைக் கன்று ஒன்றின்மேல் ஏற்றி அதனை விடுவிக்கும் பழைய வழக்கமும் அதில் குறிக்கப்பட்டுள்ளது.

அருகில் நின்ற படுக நண்பர் ஒவ்வொன்றையும் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லி வந்தார். உடன்பிறந்தாரிடையே பகை மூட்டிய பாவம். எல்லைக் கல்லை நகர்த்திய பாவம். பசித்து வந்தவனுக்குச் சோறு இடாத பாவம். குளிரில் நடுங்கினவனுக்கு நெருப்புத் தராத பாவம். வழி கேட்டவனுக்குத் தவறான வழி காட்டிய பாவம். அடுத்தவன் எருமை நிறையக் கறப்பதைக் கண்டு மனம் புழுங்கிய பாவம். ஓடும் நீரை அழுக்காக்கிய பாவம். பொய் சொன்ன பாவம். இவற்றிடையே, மேலிடத்தாரிடம் கோள் சொன்ன பாவம் என்று அவர் சொன்னபோது அடியேனுக்கு நிற்க முடியவில்லை.

இறந்தவர் இன்னின்ன செய்தார் என்று அந்த முதியவர் குற்றம் சாட்டுவதில்லை. யார் இறந்தாலும் சொல்லப்படும் பொதுப் பட்டியல் அது. அவரோ, அவருடைய முன்னோரோ, அறிந்தும் அறியாமலும் செய்திருந்தால் நீங்குக என்பதே அதன் கருத்து. ஆயினும் அங்கே அப்போது நடந்தது என்ன? கோள் சொல்லப்பட்டவரின் திருமேனி கிடக்கிறது. கோள் சொன்னவன் ஓரத்தில் நிற்கிறான். அவன் செய்த பாவத்துக்கான மன்னிப்பு இவர் பெயரால் கேட்கப்படுகிறது. ஊர் முழுதும் சேர்ந்து குரல் கொடுத்தது. அடியேன் வாய் திறக்கவில்லை.

சடங்கு முடிந்தபின் அவருடைய மகன் கைகூப்பி அருகில் வந்தார். “அப்பா உங்களைப் பத்திச் சொல்வார் சார். காணாமப் போன பணம் திரும்பி வந்தப்போ, அன்னைக்கு சாயங்காலமே கணக்கை நேர் பண்ணிக் கொடுத்தது நீங்கதான்னு சொல்வார்” என்றார். அவ்வளவுதான் அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். முப்பது ஆண்டுகள். மனைவியிடமும் மகனிடமும் எனது நற்செயல் ஒன்றையே எடுத்துச் சொல்லி, மற்றதைத் தம்மோடு வைத்துக் கொண்டு போயிருக்கிறார். பிராட்டி பெருமாளிடம் சொல்லவில்லை என்று பல ஆண்டுகள் கோஷ்டியில் சொல்லிக் கொண்டிருந்தவனுக்கு, சொல்லாமை என்றால் என்ன என்பது அன்று விளங்கியது.

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அடியேன் சிந்தித்தது இதுவே. அந்த முதியவரும் குற்றங்களைச் சொன்னார். அடியேனும் குற்றம் சொன்னேன். வாய் ஒன்றே, பேசுபொருளும் ஒன்றே. அவர் சொன்னது எல்லார் முன்னிலையிலும், நீங்குக என்பதற்காக. அடியேன் சொன்னது ஒட்டிய உறைக்குள், அவர் மேல் ஐயம் விழுக என்பதற்காக. குற்றத்தைத் தண்டிப்பவனிடம் கொண்டு செல்வது குறளை. அதே குற்றத்தை மன்னிப்பவனிடம் கொண்டு செல்வது புருஷகாரம். பிராட்டி நித்யமும் எம்பெருமான் திருமார்பில் இருந்து செய்வது பின்னது. நம் குற்றம் அவளுக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும் நமக்காகவே பேசுகிறாள். அவள் ஒரு நாள் நம்மைப் போலக் கோள் சொல்லத் தொடங்கினால் நம் கதி என்னாகும்?

அப்படியாயின் தவறு கண்டால் சொல்லவே கூடாதா என்ற ஐயம் எழும். வங்கியில் பணியாற்றியவன் இதனைத் தட்டிக் கழிக்க முடியாது. பொதுப் பணம் களவு போனால், ஏழை ஒருவர் ஏமாற்றப்பட்டால், பெண்ணுக்கோ குழந்தைக்கோ தீங்கு நேர்ந்தால், அதனை உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அங்கே மௌனம் தீங்கிழைப்பவனுக்குத் துணை போவதாகும். அன்று பற்றாக்குறையை எழுதியதில் பிழையில்லை, எழுதாவிட்டால்தான் பிழை. பிழை இருந்தது, கண்டதோடு கேட்டதைக் கலந்ததில். காப்பதற்கு வேண்டியதைக் கடந்து, ஒருவரைச் சிறுமைப்படுத்துவதற்கு வேண்டியதைச் சேர்த்ததில். தவறு தெரிந்த பின்னும் திருத்தாமல் விட்டதில். இம்மூன்றும் இல்லாத அறிக்கை கடமை. இம்மூன்றில் ஒன்று கலந்தாலும் அது குறளை.

நேரே திருத்துதல் குறளையாகாது என்பதற்கு நம் குருபரம்பரையிலேயே ஓர் அழகிய வரலாறு உண்டு. முதலியாண்டான் திருவம்சத்தில் வந்த கந்தாடைத் தோழப்பர், நம்பிள்ளையின் பெருமையைப் பொறாமல், நம்பெருமாள் ஸந்நிதியில் பலர் கேட்க அவரைக் கடிந்து பேசிவிட்டார். நம்பிள்ளை மறுமொழி சொல்லாமல் எழுந்தருளினார். செய்தி தோழப்பர் திருமாளிகைக்கு முன்பே சென்று சேர்ந்திருந்தது. அவருடைய தேவியார் ஊராரிடம் புலம்பவில்லை. கணவரிடமே நேராக, நீர் செய்தது அபசாரம் என்று உணர்த்தினார். தோழப்பர் நெஞ்சு கலங்கி, நம்பிள்ளையிடம் சென்று பொறை வேண்டலாம் என்று கதவைத் திறந்தார். வாசற்படியில் நம்பிள்ளை தாமே காத்திருந்தார். தேவரீர் சீறும்படி அடியேன் ஏதோ அபராதம் செய்துவிட்டேன், பொறுத்தருள வேணும் என்று பிள்ளை விண்ணப்பித்தார். தோழப்பர் அவரை அணைத்துக் கொண்டு, நீர் சிலருக்கு மட்டும் ஆசார்யர் என்று நினைத்திருந்தேன், நீர் உலகுக்கே ஆசார்யர் என்று கொண்டாடினார். லோகாசார்யர் என்னும் திருநாமம் அன்று வாய்த்தது. மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் இதனை நினைவு கூர்ந்தருளினார். அத்திருநாமமே பின்னர் வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரருக்குச் சாற்றப்பட்டு, பிள்ளை லோகாசார்யர் என்று ஸம்ப்ரதாயம் போற்றும் பெயராயிற்று.

ஒரு கடுஞ்சொல்லில் தொடங்கியது, இவ்வளவு பெரிய மங்களமாக முடிந்தது. அதற்குக் காரணம் மூவர். மறுத்துப் பேசாதவர் ஒருவர். முகத்துக்கு நேரே திருத்தியவர் ஒருவர். தவறை உணர்ந்து விடியும் வரையில் கூடப் பொறுக்காதவர் ஒருவர். இவர்களில் எவரேனும் ஒருவர் அன்று ஊருக்குள் போய்க் கதை சொல்லியிருந்தால், திருவரங்கத்தில் இரண்டு கட்சிகள் மிஞ்சியிருக்கும்; அந்தத் திருநாமம் வந்திராது.

ஆண்டாள் விலக்கியது, சென்று சொல்வதை. அக்காலத்தில் கோள் சொல்ல ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு நடந்து செல்ல வேண்டியிருந்தது. வழியில் மனம் மாறவும் சிறிது நேரம் கிடைத்தது. இன்று கால் நடக்க வேண்டியதில்லை. கட்டைவிரல் சென்றுவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்வாமியைப் பற்றிய குறை வருகிறது. மெய்யா பொய்யா என்று அறியோம். ஐந்து குழுக்களுக்கு அனுப்பிவிட்டுத் திருவாராதனத்துக்கு அமர்கிறோம். ஒரு கலையாரைப் பற்றி மற்றொரு கலையார், ஒரு மடத்தாரைப் பற்றி வேறொரு மடத்தார் எழுதுவதெல்லாம் இவ்வகையே. பகவதபசாரத்தை எம்பெருமான் பொறுத்தாலும் பாகவதாபசாரத்தை அவன் பொறுப்பதில்லை என்று கேட்டிருக்கிறோம். நெய்யும் பாலும் விடுவது இக்காலத்தில் மருத்துவர் சொன்னாலே நடந்துவிடுகிறது. இந்த மார்கழியில் விடுவதற்கு அரிதானது இதுவொன்றே.

முடிவாக ஒன்று. அந்த இறுதிச் சடங்கிற்குப் பின் வந்த மார்கழியில், இரண்டாம் நாள், அடியேன் கோஷ்டியில் பொருள் சொல்லவில்லை. உடல்நலமில்லை என்று வேறொருவரைச் சொல்லச் செய்தேன். அது பொய். பேருந்து ஏறி அந்த ஹட்டிக்குச் சென்றேன். மகன் வீட்டில் இருந்தார். தேநீர் கொண்டு வந்து வைத்தார். 1989இல் எழுதிய வாக்கியத்தை, எழுதியபடியே, அவரிடம் சொன்னேன். அதைத் திருத்தாமல் விட்டதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் தோட்டத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். கோபித்திருந்தால் அது நியாயம். பிறகு, “அப்பாவே எங்ககிட்டச் சொல்லலை சார். நான் அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். டீ ஆறுது, குடிங்க” என்றார்.

அந்தத் தேநீரைக் குடித்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அடியேன் கேட்கவும் துணியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் இடவேண்டிய எதிர்ப்பதிவை, கணக்குக்கு உரியவர் போன பின்பு இட்டால் அது நேராகிவிடுமா என்று தெரியாது. ஆனால் தந்தை அடக்கிய சொல்லை மகனும் அடக்கினார். ஆண்டாள் ஆய்ப்பாடியில் கண்ட நோன்பு, திருப்பாவை ஒலிக்காத அந்த மலையூரிலும் ஒரு குடும்பத்தில் நடந்து வருகிறது என்பதைக் கண்ணால் கண்டேன்.

நோன்பு நாள்களில் ஏதேனும் ஒரு பழைய குறளை நெஞ்சில் உறுத்தினால், உரியவர் இருக்கும்போதே சென்று திருத்திக் கொள்ள வேண்டும் என்பதே பாகவதர்களின் திருவடிகளில் அடியேனின் விண்ணப்பம். பிறர் குற்றத்தைச் சொல்ல வாய் எழும்போது, நம் குற்றத்தைச் சொல்லாமல் திருமார்பில் வீற்றிருப்பவளை ஒரு கணம் நினைக்க அவளே அருள வேண்டும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்